மாடியறையில் மூன்றில் ஒரு பங்கு

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது.

நண்பர் வீட்டில் போக்கர் சீட்டாட்டம் ஆடினோம். கடைசியில் தோற்பவர் எல்லோருடைய பாத்திரங்களையும் கழுவ வேண்டும் என்பது பந்தயம். நான் விரல் விட்டு எண்ணி, வகுத்துப் பார்த்து, ஜெயிக்கும் வாய்ப்பு எனக்குத்தான் அதிகம் என்று உறுதியான பிறகே என் பந்தய வில்லைகளை நடுவில் தள்ளினேன். எதிரே இருந்தவர் எதையும் எண்ணவில்லை. “மனசு சொல்லுதுங்க” என்று ஒரே ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு அவருடையதையும் தள்ளினார். கடைசிச் சீட்டு அவர் மனசுக்கே கட்டுப்பட்டு வந்து விழுந்தது. அடிப்பிடித்த குக்கரைத் தேய்த்தபடி, “கணக்குப்படி நான்தான் சரி” என்று குழாயிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதே முடிவு செய்தேன். சரியாகக் கணக்குப் போடுகிற ஒருத்தியைப் படைப்பேன், அவளை ஜெயிக்க வைப்பேன். நான் எழுதுகிற கதையில் சீட்டு நான் சொன்னபடிதானே விழ வேண்டும்? அன்றைக்கு எழுதிய முதல் வாக்கியம் இது:

புகை மண்டிய அந்த அறையில் அவள் கண்கள் சீட்டின்மேல் பதிந்து—

(புகைக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. அந்த வீட்டில் புகைப்பவர் யாரும் இல்லை. விட்டுவிட்டேன்.)

வாழ்க்கையும் ஒரு சீட்டாட்டம்தான் என்று—

(இதை எழுதிய விரலை நானே ஒரு தட்டுத் தட்டினேன்.)

மூன்றாவதாக வந்தது இது: “சாப்பாட்டு மேசையிலிருந்து தையல் இயந்திரத்தை அவள் மறுபடியும் இறக்கி வைத்தாள்.” இதில் வம்பு ஒன்றும் இல்லை. இதை வைத்துக்கொண்டேன்.

2

இறக்கி வைத்தவளைச் சின்னவள் என்று கூப்பிடுவோம். வீட்டுக்கு இளைய மருமகள். சீருடை, சட்டை, திரைச்சீலை எல்லாம் வெட்டித் தைப்பவள். வெட்டுவதற்கும் தைப்பதற்கும் வீட்டில் இருப்பது ஒரே ஒரு மேசை, அதில்தான் எல்லோரும் சாப்பிடவும் வேண்டும். காலையில் விரித்த துணியை மதியம் சுருட்டுவாள். மதியம் விரித்ததை இரவுச் சாப்பாட்டுக்குச் சுருட்டுவாள். குத்தின ஊசி கழன்றுபோகும், சாக்குக் கட்டியால் போட்ட கோடு அழிந்துபோகும், ஒரு கை மட்டும் வைத்த சட்டை எங்கேயோ நாற்காலிக்கு அடியில் கிடக்கும். அவளுக்கு வேண்டியதெல்லாம் பாதி வேலையைப் பாதியிலேயே போட்டுவிட்டு எழுந்துபோக ஓர் இடம்தான். போனது போனபடி, திரும்பி வந்தால் அப்படியே இருக்க வேண்டும்.

பெரியவள் அவளுடைய ஓரகத்தி. மருத்துவமனையில் செவிலியர், எப்போதும் இரவுப் பணி. விடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால், சுவருக்கு இந்தப் பக்கம் சின்னவளின் இயந்திரம் கடகடவென்று ஓடும். பெரியவள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள், கண்ணில் ஈரத்துண்டு போட்டுக்கொள்வாள். சின்னவள் இயந்திரத்துக்கு அடியில் கம்பளியை நாலாக மடித்து வைப்பாள், தேவையே இல்லாமல் எண்ணெய் விடுவாள். என்ன செய்தாலும் சத்தம் சத்தம்தான். பெரியவளுக்கு வேண்டியது பகலில் தூங்க ஓர் அறை.

மாடியில் வாடகைக்கு இருந்தவர் காலி செய்துவிட்டுப் போனார். பத்துக்குப் பத்தில் ஓர் அறை, ஒரு ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு. கதை இதுதான். இந்த அறை யாருக்கு?

(பகிர்ந்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். இவளுக்கும் பகலில்தான் வேண்டும், அவளுக்கும் பகலில்தான் வேண்டும். ஒருத்தி தூங்குகிற அறையில் இன்னொருத்தி தைக்க முடியாது. நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.)

முதல் வரைவில் பெரியவளைக் கொஞ்சம் கெட்டவளாக்கப் பார்த்தேன், வாசகருக்கு யார் பக்கம் நிற்பது என்று சுலபமாகத் தெரியட்டும் என்று. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க உள்ளே நுழைகிறாள் என்று எழுதினேன். நுழைந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? வேலை மும்முரத்தில் சின்னவள் குடிக்காமல் ஆறவிட்ட டீயைப் பார்த்தாள், பையைக்கூடக் கீழே வைக்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்ச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைத்தாள். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு சண்டை எழுத எனக்குத் தெரியவில்லை. வெடித்த எள்ளையும் கொள்ளையும் நானே பெருக்கித் தள்ளினேன்.

(பெரியவளின் கணவர் எங்கே? நீண்ட தூர லாரி ஓட்டுகிறார். முதல் வரைவில் வீட்டில்தான் இருந்தார், எல்லாவற்றுக்கும் கருத்துச் சொன்னார். இரண்டாம் வரைவில் சுமையை ஏற்றி அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவார்.)

3

சிக்கல் என்னவென்றால், அறைக்காக இவர்கள் சண்டை போடவில்லை.

“நீயே எடுத்துக்கோ. நான் பழகிட்டேன்” என்பாள் பெரியவள்.

“அய்யோ வேண்டாங்க்கா. நீங்க நிம்மதியாத் தூங்குங்க. எனக்கு மேசை இருக்கு.”

“மேசை இருக்குன்னு எத்தனை நாளைக்கு மூட்டை கட்டிக்கிட்டு இருப்ப?”

“பஞ்சு வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு நீங்க தூங்குவீங்க?”

இப்படி ஒருத்தி நீட்ட, இன்னொருத்தி திருப்பி நீட்ட, அறை பூட்டியே கிடந்தது. இரண்டு பேருக்கும் அது வேண்டும். இரண்டு பேருமே வாய் திறந்து கேட்க மாட்டார்கள். இதைப் பார்த்துச் சலித்தவன் சின்னவளின் கணவன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அந்த வீட்டில் ஞாயிறு மதியங்களில் சட்டைப் பொத்தான்களை வைத்து போக்கர் ஆடுவது வழக்கம், சீட்டுப் போடுவது அவன் பொறுப்பு.

“இப்படியே போனா அந்த ரூம்ல ஒட்டடைதான் குடியிருக்கும்” என்றான். “சீட்டு ஆடுங்க. ஜெயிச்சவங்களுக்கு ரூம். ஆனா விட்டுக்குடுத்து ஆடக்கூடாது. வேணும்னே தோத்தது தெரிஞ்சா ஆட்டம் செல்லாது, ரூமை நான் எடுத்துக்குவேன்.”

“உனக்கெதுக்கு தம்பி ரூம்?” என்றாள் பெரியவள்.

“சும்மா உக்காந்திருக்க அண்ணி. எனக்கும் ஒரு இடம் வேண்டாமா?”

சும்மா உட்கார ஓர் அறை என்பது இரண்டு பெண்களையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார வைத்தது. அதற்கு மட்டும் விடமாட்டார்கள்.

வேண்டுமென்றே தோற்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் அவன் ஒரு வழி வைத்தான். பெரிய முடிவு எடுக்கும்போதெல்லாம் காரணத்தை அவன் காதில் சொல்ல வேண்டும். உரக்கச் சொன்னால் எதிராளிக்குக் கையில் இருப்பது தெரிந்துவிடுமே, அதனால் காதில். காரணம் கணக்குக்குப் பொருந்தினால் “செல்லும்” என்பான். உலகத்தில் வேறு எங்கும் போக்கர் இப்படி ஆடப்படுவதில்லை என்பது எனக்குத் தெரியும். இவர்கள் இப்படித்தான் ஆடினார்கள்.

(போக்கர் தெரியாதவர்களுக்கு: ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவருக்குக் காட்டாமல். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. மொத்தம் ஏழில் நல்ல ஐந்து யாருக்கு அமைகிறதோ அவருக்கு நடுவில் கிடக்கும் குவியல். இடையிடையே பொத்தான் வைக்கலாம். ஒருவர் வைத்தால் மற்றவர் அதற்கு ஈடாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சீட்டைக் கவிழ்த்து விலக வேண்டும். ஜோடியைவிட வரிசை எண்ணில் ஐந்து சீட்டு பெரிது, ஒரே சின்னத்தில் ஐந்து அதைவிடப் பெரிது. இவ்வளவு தெரிந்தால் போதும்.)

4

சின்னவளுக்குக் கணக்கு கற்றுக்கொடுத்தது ஒரு கைப்பேசிக் காணொளி. யாரோ ஒருவர் பேசிக்கொண்டே இருக்க, திரைச்சீலைக்கு ஓரம் மடித்தபடி கேட்டுக்கொண்டாள். அவர் சொன்னதை அவள் தன் மொழிக்கு மாற்றிக்கொண்டாள். நடுவில் கிடக்கிற துணியில் என் கைக்கு எவ்வளவு உரிமை? அதுதான் பங்கு. அதை எடுக்க நான் எவ்வளவு துணி போட வேண்டும்? அதுதான் விலை. பங்கு விலையைவிடப் பெரிதாக இருந்தால் வை. சின்னதாக இருந்தால் விலகு.

உதாரணமாக, நடுவில் இருபது பொத்தான் கிடக்கிறது. எதிராளி பத்து வைக்கிறாள். நீயும் பத்து வைத்தால் குவியல் நாற்பதாகும். பத்தைப் போட்டு நாற்பதை எடுக்கப் பார்க்கிறாய் என்றால், நாலு தடவைக்கு ஒரு தடவை ஜெயித்தால் போட்டதற்கும் எடுத்ததற்கும் சரியாகப் போகும். அதைவிட அடிக்கடி ஜெயிக்கிற சீட்டு என்றால் லாபம். இந்த ஆட்டத்தில் ஜெயித்தாயா தோற்றாயா என்பது வேறு விஷயம். நெடுநாள் ஆடினால் கணக்குப்படி ஆடுகிறவள் பக்கம்தான் குவியல் சாயும்.

பெரியவள் எண்ணுவதில்லை, முகம் பார்ப்பவள் என்று எழுதலாமென்று இருந்தேன். ஒருத்தி கணக்கு, ஒருத்தி முகம். பட்டிமன்றத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் பெரியவள் ஒவ்வோர் இரவும் நரம்பில் ஏற்றும் மருந்துக்கு நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று கணக்குப் போடுகிறவள். வகுத்தல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சின்னவளும் சும்மா இல்லை. அளவெடுக்க நிற்பவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கண்டுபிடிப்பாள். ஆகவே இருவரும் இரண்டும் தெரிந்தவர்கள். பட்டிமன்றம் ரத்து.

5

ஞாயிறு மதியம். மேசையில் துணி இல்லை, தட்டு இல்லை, வெள்ளை விரிப்பும் சீட்டும் மட்டும். ஆளுக்குத் தொண்ணூறு பொத்தான்கள். பெரியவள் காலையில் பணி முடிந்து வந்தவள், இன்னும் படுக்கவில்லை. “படுத்துட்டு வந்து ஆடலாமேக்கா” என்று சின்னவள் கேட்டுப் பார்த்தாள். “படுத்தா எந்திரிக்க மாட்டேன். போடு தம்பி” என்றுவிட்டாள்.

வெகுநேரம் யாருக்கும் பெரிதாக எதுவும் ஆகவில்லை. அதையெல்லாம் எழுதியிருந்தேன், வெட்டிவிட்டேன். நேரே அந்தக் கைக்கு வருகிறேன்.

சின்னவளுக்கு வந்தவை ஆட்டின் (சிவப்பு இதயம் போட்ட சீட்டு) ஒன்பதும் ஆட்டின் எட்டும். நடுவில் விழுந்தவை ஆட்டின் ராஜா, ஆட்டின் ஏழு, கிளாவர் ஆறு. இருவரும் வைத்து வைத்துக் குவியல் அறுபதானது. நாலாவதாக ஸ்பேடு இரண்டு. இனி ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி.

பெரியவள் விரிப்பின் மூலையை இழுத்து, மடித்து, மேசைக்கு அடியில் செருகினாள். பிறகு தன்னிடம் மிச்சமிருந்த அறுபது பொத்தான்களையும் மொத்தமாக நடுவில் தள்ளினாள்.

சின்னவளிடம் மிச்சம் இருந்ததும் அறுபதுதான். ஈடு வைத்தால் எல்லாம் இந்த ஒரு சீட்டில் முடிந்துவிடும். அறை யாருக்கு என்பது தெரிந்துவிடும். விலகினால் அறுபது கையில் நிற்கும், ஆட்டம் தொடரும்.

(உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், அவளுக்குக் கேட்கக் கூடாது. பெரியவள் கையில் ஸ்பேடு ராஜாவும் டைமண்ட் ராணியும். அதாவது ராஜா ஜோடி. இப்போதைக்குப் பெரியவள்தான் முன்னால் நிற்கிறாள்.)

6

சின்னவள் எண்ணினாள். நானும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணினேன்.

ஆட்டின் சீட்டு மொத்தம் ஐந்து சேர்ந்தால் ஜெயிக்கலாம். ஆட்டின் மொத்தம் பதிமூன்று. கையில் இரண்டு, நடுவில் இரண்டு. மிச்சம் ஒன்பது. இல்லாவிட்டால் வரிசை சேர வேண்டும்: ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது இருக்கிறது, மேலே ஒரு பத்து வந்தாலும் சரி, கீழே ஓர் ஐந்து வந்தாலும் சரி. பத்து நாலு, ஐந்து நாலு, ஆக எட்டு. ஒன்பதும் எட்டும் பதினேழு.

அவளுக்குத் தெரியாத சீட்டுகள் நாற்பத்தாறு. நாற்பத்தாறில் பதினேழு என்றால் நூற்றுக்கு முப்பத்தேழு. அறுபதைப் போட்டு நூற்றெண்பதை எடுப்பதற்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு முப்பத்து மூன்றும் சொச்சமும் இருந்தால் போதும். பங்கு பெரிது, விலை சின்னது. கை பொத்தான் குவியலுக்கு நகர்ந்தது.

நான் திடுக்கிட்டேன். அவள் எண்ணியது தப்பு.

ஆட்டின் பத்தும் ஆட்டின் ஐந்தும் இரண்டு பக்கமும் வந்துவிட்டன. ஆட்டின் கணக்கில் ஒரு தடவை, வரிசைக் கணக்கில் இன்னொரு தடவை. வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் கவனக் குறைவு என்று சொல்லலாம். இவளைச் சொல்ல முடியாது. சட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் சேரும் இடத்தில் முன்பக்கத்துக்கும் தையலுக்குத் துணி விட வேண்டும், பின்பக்கத்துக்கும் விட வேண்டும். போடுவது ஒரே தையல், விடுவது இரண்டு தடவை. அப்படி விடாதவள் தைத்த சட்டை போட்டவருக்கு மூச்சு முட்டும். இத்தனை வருஷத்துச் சரியான பழக்கம்தான் அவளை இங்கே தப்பாக எண்ண வைத்தது.

எனக்கு ஒரு சபலம் வந்தது. நடுவில் கிடப்பது அறுபது என்று எழுதியிருக்கிறேன். அதை எழுபது என்று மாற்றிவிட்டால் அறுபதைப் போட்டு நூற்றுத்தொண்ணூறு எடுக்கலாம், விலை குறைந்துவிடும், சரியான எண்ணிக்கைக்குக்கூட ஈடு வைப்பது லாபமாகிவிடும். அவள் தப்பாக எண்ணியும் சரியாக ஆடியவளாவாள். மாற்றினேன். படித்துப் பார்த்தேன். அந்தப் பத்துப் பொத்தானும் என் சட்டைப் பையிலிருந்து விழுந்த மாதிரியே இருந்தது. பழையபடி அறுபதாக்கினேன்.

7

“காரணம்” என்றான் கணவன். தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தான்.

“ஆட்டின்ல இன்னும் ஒம்பது சீட்டு இருக்கு” என்று சின்னவள் கிசுகிசுத்தாள். “பத்து நாலு, அஞ்சு நாலு. அதுல ஸ்பேடு பத்து, கிளாவர் பத்து, டைமண்ட் பத்து, ஆட்டின்...”

நிறுத்தினாள்.

“என்ன?”

“ரெண்டு பக்கமும் விட்டுட்டேங்க.”

“என்னது?”

“தையலுக்கு விடற மாதிரி விட்டுட்டேன். ஆட்டின் பத்தும் அஞ்சும் ஏற்கெனவே அந்த ஒம்பதுல இருக்கு. பதினேழு இல்ல, பதினஞ்சு.”

“புருஷன் பொண்டாட்டி ரகசியம் முடிஞ்சுதா?” என்றாள் பெரியவள். கொட்டாவியைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“ஒரு நிமிஷங்க்கா.”

நான் உதவி செய்யவில்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன்.

நாற்பத்தாறில் பதினைந்து. நூற்றுக்கு முப்பத்திரண்டரையைக் கொஞ்சம் தாண்டும். தேவை முப்பத்து மூன்றே சொச்சம். நூலிழையில் குறைகிறது. இன்னொன்றும் இருக்கிறது: விலகினால் அவளிடம் அறுபது பொத்தான், மொத்தம் நூற்றெண்பதில் அது மூன்றில் ஒன்று. ஆட்டத்தில் இருவரும் சமம் என்றால், விலகிய பிறகும் மாடியறையில் மூன்றில் ஒரு பங்கு அவள் பேரில் இருக்கிறது. ஈடு வைத்தால் அதைவிடத் துளி குறைவு. எவ்வளவு துளி? பத்துக்குப் பத்து அறையில் ஒரு கைக்குட்டையை விரிக்கிற அளவு இடம்.

கைக்குட்டை என்றாலும் இடம் இடம்தான். சின்னவள் சீட்டைக் கவிழ்க்கக் கையை எடுத்தாள். கணக்குப்படி அதுதான் சரி.

8

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன், அடியில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று இங்கேயே போடுகிறேன். அவள் விலகுவது சரி என்று சொன்னது அவளுக்குத் தெரிந்ததை வைத்து. உங்களுக்கும் எனக்கும் பெரியவளின் இரண்டு சீட்டும் தெரியும். ஆகவே நமக்குத் தெரியாதவை நாற்பத்து நாலு. நாற்பத்து நாலில் பதினைந்து என்றால் நூற்றுக்கு முப்பத்து நாலு. தேவைக்கு மேல். நம் நாற்காலியிலிருந்து பார்த்தால் அவள் ஈடு வைப்பதே சரி. ஒரே கை, ஒரே குவியல், அவளுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம். இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கையை நீட்டி அவள் தோளைத் தட்டிச் சொல்லலாம் போலிருந்தது. சொல்லவில்லை.)

கையை எடுத்தவள் விரிப்பின் மூலையைப் பார்த்தாள்.

செருகியிருந்தது. ஒரு சுருக்கம் இல்லாமல், மருத்துவமனைக் கட்டிலில் விரிப்பைச் செருகுகிற மாதிரி கச்சிதமாக. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் இதைப் பார்த்திருக்கிறாள். நடுவில் கிடக்கிற பெரிய சீட்டுக்குத் தன் கையில் ஜோடி இருந்தால் அக்கா இப்படிச் செருகுவாள். மனசு திருப்தியானால் அவள் கை தானாக எங்கேயாவது ஒரு விரிப்பைச் சரிசெய்துவிடும். அது அவளுக்கே தெரியாது. நடுவில் கிடக்கிற பெரிய சீட்டு ராஜா. ஆக அக்கா கையில் ஒரு ராஜா இருக்கிறது. அது ஆட்டின் ராஜாவாக இருக்க முடியாது, அது மேசையில் கிடக்கிறது. எந்த ராஜாவாக இருந்தாலும் சின்னவளுக்கு வேண்டிய பதினைந்தில் அது இல்லை.

கூட இருக்கும் இன்னொரு சீட்டு என்னவென்று விரிப்பு சொல்லவில்லை. ஒன்று மட்டும் தெரிந்துவிட்டது. ஆகவே தெரியாதவை நாற்பத்தாறு இல்லை, நாற்பத்தைந்து.

நாற்பத்தைந்தில் பதினைந்து. மூன்றில் ஒன்று. சொச்சம் இல்லை, மிச்சம் இல்லை.

அவள் இன்னொரு தடவை வகுத்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வைத்தாலும் மூன்றில் ஒன்று, விலகினாலும் மூன்றில் ஒன்று. கைக்குட்டை அளவு இடம்கூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயவில்லை. சத்தியமாக நான் இப்படித் திட்டம் போடவில்லை. நான் போட்டது சீட்டு மட்டும்தான், எண்கள் அவர்களுக்குள் பேசிக்கொண்டு இங்கே வந்து நின்றுவிட்டன.

9

இனி அவளுக்குக் கணக்கு உதவாது. முதன்முறையாக அவள் பெரியவளின் கையையும் விரிப்பையும் விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

பெரியவள் முழங்கையை ஊன்றி, கன்னத்தைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தாள். இமைகள் இறங்கி, திடுக்கென்று ஏறி, மறுபடி இறங்கின. ராத்திரி முழுக்க நின்ற கால்கள் மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. விலகினால் ஆட்டம் நீளும். அறுபது பொத்தானோடு சின்னவள் இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தாக்குப்பிடிப்பாள். அத்தனை நேரமும் பெரியவள் விழித்திருக்க வேண்டும்.

சின்னவள் கணவனின் காதைப் பிடித்து இழுத்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதாங்க. வச்சாலும் மூணுல ஒண்ணு, விலகினாலும் மூணுல ஒண்ணு. அக்காகிட்ட ராஜா இருக்கு.”

“எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

அவன் உதட்டை அசைத்துத் தானும் வகுத்துப் பார்த்தான். “சரி. அப்ப என்ன பண்ணப் போற?”

“வைக்கப்போறேன்.”

“ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு வைக்கிற?”

“ஆட்டம் முடிஞ்சுரும்ல. அக்கா போய்ப் படுக்கட்டும். கண்ணத் திறக்க முடியாம உக்காந்திருக்காங்க.”

அவன் யோசித்தான். இது விட்டுக்கொடுப்பதா? ஜெயிக்கிற சீட்டைக் கவிழ்த்திருந்தால் விட்டுக்கொடுத்தது. தோற்கிற சீட்டுக்கு அறையைத் தூக்கிப் போட்டிருந்தாலும் விட்டுக்கொடுத்ததுதான். இவளோ கணக்கில் ஒரு பொத்தான்கூட இழக்காமல் நிற்கிறாள். தராசு நேராக நிற்கும்போது எந்தத் தட்டில் கை வைத்தாலும் அது கள்ளாட்டம் இல்லை. இத்தனை வாரமாக ஒருத்திக்கொருத்தி காட்ட முடியாமல் பூட்டி வைத்திருந்த அன்பு, ஒரு விதியையும் மீறாமல் நுழைந்துபோக இருந்த ஒரே இடுக்கு இதுதான்.

“செல்லும்” என்றான்.

சின்னவள் அறுபது பொத்தான்களையும் நடுவில் தள்ளினாள்.

10

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் பதினைந்தில் ஒன்று வருகிறது. மாடியில் ஜன்னலோரம் இயந்திரம். பாதி தைத்த சட்டை, ஊசி குத்தியபடி, இரவு முழுக்க மேசையிலேயே கிடக்கிறது. காலையில் அவள் வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாள். கீழே சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பெரியவள் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தூங்க—

(மாடியில் ஓடினாலும் தளத்தின் வழியாகச் சத்தம் இறங்கும். தெரியும். சந்தோஷத்தில் எழுதிவிட்டேன்.)

இன்னொன்றில் வேறு எதுவோ வருகிறது. பெரியவள் மாடியில் கதவைத் தாழ்போட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, கைகால் நீட்டிப் படுக்கிறாள். அந்தத் திரைச்சீலை சின்னவள் தைத்தது, வெளிச்சம் புகாத தடித்த துணியில். கீழே சின்னவள் இயந்திரத்துக்கு அடியிலிருந்து கம்பளியை உருவி எடுத்துவிட்டு முழு வேகத்தில் ஓட்ட—

இரண்டுமே எனக்குப் பிடித்திருக்கிறது. எது நடந்தாலும் அவள் எண்ணியது சரி. கடைசிச் சீட்டால் அதைத் திருத்தவோ கெடுக்கவோ முடியாது. இது எனக்கு இந்தக் கதையை எழுதி எழுதித்தான் புரிந்தது.

ஆனால் நடந்தது இரண்டும் இல்லை. நடந்தது இது.

கணவன் கட்டின் மேலிருந்து ஐந்தாவது சீட்டை எடுத்தான். அவனுக்கு எதிலும் கொஞ்சம் நாடகம் வேண்டும். அதைக் கவிழ்த்தபடியே மற்ற நான்குக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் நேராக்கி, “அண்ணி, திருப்பட்டுமா?” என்றான்.



“அண்ணி.”

பெரியவளின் கன்னம் கையிலிருந்து நழுவி, செருகி வைத்த விரிப்பின் மேல் இறங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்தது.

அவன் சீட்டின்மேல் கை வைத்தான். சின்னவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

“பாத்துட்டுக் கவுத்துடலாம்மா” என்று கிசுகிசுத்தான்.

“அக்கா முழிக்கட்டும். சேந்து பாக்கலாம்.”

தைத்துக் கொடுக்க வேண்டிய சீருடைக் கால்சட்டை ஒன்று இருந்தது. இயந்திரம் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஊசியில் நூல் கோத்து, பெரியவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கையாலேயே ஓரம் அடிக்க ஆரம்பித்தாள். கணவன் பூனை மாதிரி எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். வீடு இவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு நிறைவாக இருந்தது, ஏனென்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

சீட்டு கவிழ்ந்தே கிடக்கிறது. நான் அதைத் திருப்பப் போவதில்லை. எனக்கு ஆசை இருக்கிறது, ஆசை இருப்பவன் சீட்டைத் தொடக்கூடாது. உங்களிடம் ஒரு கட்டு இருந்தால் எடுங்கள். மேசையில் கிடக்கிற நான்கையும், இவர்கள் இருவர் கையிலிருக்கிற நான்கையும் தனியே வையுங்கள். மிச்சம் நாற்பத்து நாலு. நன்றாகக் கலைத்து, மேலே இருப்பதை எடுங்கள். ஆட்டின் எதுவானாலும், பத்து எதுவானாலும், ஐந்து எதுவானாலும் அறை சின்னவளுக்கு. மற்றதெல்லாம் பெரியவளுக்கு. நீங்கள் எடுப்பதுதான் முடிவு, நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சத்தம் போடாமல் திருப்புங்கள். பெரியவள் இப்போதுதான் கண் அசந்திருக்கிறாள்.